வெட்டியவர் பக்கத்தில் நிற்க வேண்டும்

குறைப்பட்டியல்

சட்டை: தேயிலைக் கொழுந்து பறிப்பவருக்கான மேற்சட்டை. ஒரே துணி, ஒரே வெட்டு.

1. 1992 பங்குனி, வெள்ளிக்கிழமை: நான் வெட்டிய சட்டையை உங்களுடையது என்று சொன்னீர்கள்.

2. அதே வாரம், ஞாயிற்றுக்கிழமை: பொலிஸ் நிலையத்துக்குப் பார்க்க வந்த என்னை, அப்படியொரு மாணவர் தங்களுக்கு இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினீர்கள்.

3. 1993 ஐப்பசி: விடுதலையான பின் மூன்று வாரங்கள் கட்டுகஸ்தோட்டையில் இருந்தும் என்னைக் கூப்பிடவில்லை. சொல்லாமல் நாட்டைவிட்டுப் போனீர்கள்.

4. 1994 முதல் 2001 வரை: ஒன்பது கடிதங்கள் எழுதினேன். ஒன்றுக்கும் மறுமொழி இல்லை.

5. இந்த ஆண்டு, தை: இறந்துவிட்டீர்கள்.

மிஸ்,

இந்த முறையில் எழுதப் பழக்கியவர் நீங்கள்தான். ஆகவே முறையைப் பற்றி முறையிட உங்களுக்கு இடமில்லை. உங்கள் தையல் வகுப்பில், வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் தைத்ததை நிற்கும் பொம்மையில் மாட்டுவோம். நீங்கள் சுற்றி வருவீர்கள். குறைகளை இலக்கமிட்டு, திகதியிட்டு, கொப்பித் தாளில் எழுதிச் சட்டையின் தோளில் குண்டூசியால் குத்துவீர்கள். வெட்டியவர் சட்டையின் பக்கத்தில் நின்று, கேட்பதற்கெல்லாம் வாயால் பதில் சொல்ல வேண்டும். அடுத்த வெள்ளி நாலு மணிக்கு முன் எழுத்தில் மறுமொழி கொடுக்க வேண்டும். "துணியும் பிழை விடாது, கத்திரிக்கோலும் பிழை விடாது. வெட்டினவர் பக்கத்தில வந்து நில்லுங்கோ" என்பீர்கள். அந்த வகுப்பில் வேறு சட்டம் இருக்கவில்லை.

போன மாதம் கனடாவிலிருந்து உங்கள் தங்கை ஒரு நீளமான மட்டைக்குழாயை அனுப்பியிருந்தார். மூடியைத் திறந்ததும் பூச்சி உருண்டையும் மெஷின் எண்ணெயும் பழைய பிரவுண் பேப்பரும் சேர்ந்த மணம் வந்தது. தாளை வெளியே இழுக்குமுன்னரே அது என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. மேசையில் விரித்து நான்கு மூலைகளிலும் புத்தகம் வைத்தேன். முப்பது ஆண்டுகள் சுருண்டிருந்த தாள். புத்தகங்களைத் தள்ளிவிட்டுத் திரும்பவும் சுருளப் பார்த்தது. ஒரு மூலையில் பொலிஸார் ஒட்டிய இலக்கத் துண்டு இன்னும் இருந்தது. கோடுகள் என்னுடையவை. கையெழுத்து என்னுடையது. ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் யாரோ எழுதியிருந்த எழுத்துகள் சாய்ந்து, வரி விட்டு வரி ஏறியிருந்தன. உங்கள் எழுத்து என்று நான் முதலில் நம்பவில்லை.

தங்கையின் கடிதம் அதை விளக்கியது. "வெளியில வந்த நாளிலயிருந்து அக்காவின்ர வலக்கைப் பெருவிரல் மடங்கேல்ல. இடக்கையாலதான் எழுதுவா. கத்திரிக்கோல் பிடிக்கேலாது. இங்க ஒரு கடையில களுசான் காலின்ர கரை மடிச்சுத் தைச்சுக் குடுக்கிற வேலைதான் கடைசிமட்டும் செய்தவ. இது அலுமாரியில உங்கட பெயர் போட்டுக் கிடந்தது."

இதை முப்பது ஆண்டுகள் கழித்து ஒரு தபாலில் நான் அறிய வேண்டியிருந்தது. இதைப் பட்டியலில் சேர்க்கவில்லை. இதைச் செய்தவர்கள் நீங்கள் அல்ல. அவர்களுக்கு எழுத என்னிடம் முகவரியும் இல்லை, பெயரும் இல்லை.

உங்களிடம் நான் வந்தது பல்கலைக்கழகம் மூடிக்கிடந்த காலத்தில். பேராதனையில் பௌதிகம் படிக்கப் புகுந்து சில மாதங்கள்கூட ஆகவில்லை. வாசலுக்குச் சங்கிலி போட்டார்கள். மகாவலி ஆற்றில் உடல்கள் மிதந்த நாட்கள் அவை. ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் கட்டுகஸ்தோட்டைக்கு வந்து, பாலத்துக்குப் பக்கத்தில் இருந்த இரும்புக் கடையில் நிறுவைத் தராசுக்கு நின்றேன். அந்தக் கடையின் மேல்மாடிதான் உங்கள் வகுப்பு. ஒருநாள் பூட்டுச் சாவி கொடுக்க மேலே வந்தேன். நீங்கள் மேசையில் ஒரு சதுரத் துணியை விரித்து, மூலைவாட்டாக ஒரேயொரு வெட்டுப் போட்டு, அரைத் திருப்பு முறுக்கி, அதற்குள் கையை விட்டீர்கள். தையலே இல்லாமல் தோளிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு சட்டைக்கை நின்றது. நான் வாசலில் நின்றேன்.

"என்ன தம்பி, சாவியைத் தந்திட்டுப் போறதில்லையோ?"

"அந்தத் துணி எப்படிங்க மிஸ் கீழ விழாம நிக்குது?"

"நீங்கள்தானே பௌதிகக்காரர். நீங்கள் சொல்லுங்கோ."

சாவியைக் கொடுத்துவிட்டு இறங்கினேன். அடுத்த நாளிலிருந்து தராசு வேலை முடிந்ததும் மேலே வந்தேன். மூன்று ஆண்டுகள் வந்தேன். பல்கலைக்கழகம் திறந்த பிறகும் வந்தேன்.

நீங்கள் இலண்டனில் படித்தவர் என்பதும், கண்டி நகரில் பெயர்பெற்ற உடைக்கடை ஒன்றை நடத்தியவர் என்பதும், எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் அது எரிந்தது என்பதும் மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீங்கள் அதைப் பற்றிப் பேசியது ஒரே ஒரு தடவை. ஏன் மிஸ் திரும்பக் கடை போடாமல் இப்படி எல்லாவற்றையும் எங்களுக்குச் சொல்லித் தருகிறீர்கள் என்று நிலந்தி கேட்டாள். கடுகண்ணாவையிலிருந்து பஸ்ஸில் வரும் சிங்களப் பெண். ஆடைத் தொழிற்சாலையில் வெட்டு மேசையில் வேலை. நீங்கள் நூலைப் பல்லால் அறுத்துவிட்டுச் சொன்னீர்கள்: "கடையை எரிக்கலாம் பிள்ளை. வெட்டத் தெரிஞ்ச இருபது பேரை எரிக்கக் கொஞ்சம் கஷ்டம்."

நாங்கள் எட்டுப் பேர்தான் இருந்தோம். இருபது என்று ஏன் சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை.

நீங்கள் கற்றுத் தந்த விதத்தை வெளியாருக்குச் சொன்னால் விசர் என்பார்கள். நல்ல சேர்ட் ஒன்றின் மாதிரித்தாள்களை வெட்டச் சொல்வீர்கள்: முன், பின், கை, கொலர். வெட்டி முடித்ததும் எல்லாவற்றையும் மேலே எறியச் சொல்வீர்கள். நிலத்தில் விழுந்த இடத்திலேயே அவற்றை ஒட்ட வேண்டும். "விழுந்தபடி தையுங்கோ. உடம்பு எங்கையாவது வழி கண்டுபிடிக்கும்." ஒருமுறை நிலந்தியினுடையது மூன்று கைகளுடன் வந்தது.

"மிஸ், இது போடுறதுக்கு மூணு கை உள்ள மாமா ஒருத்தர் தேட வேணும்."

"மற்றக் கைக்குள்ள குடையை வையும். கண்டி மழைக்கு உதவும்."

சிரித்தோம். ஆனால் அந்த மூன்றாவது கையை நீங்கள் குறைப்பட்டியலில் போடவில்லை. அதை முதுகுப் பக்கம் திருப்பி, முறுக்கி, இடுப்பில் கொண்டுபோய்க் கட்டினீர்கள். சட்டையின் பாரம் முழுவதும் தோளைவிட்டு இறங்கி இடுப்பில் இருந்தது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு என் அம்மாவின் நெற்றி ஞாபகம் வந்தது.

கொழுந்துக் கூடையின் கயிறு தலையில் மாட்டப்படுவது. முப்பது ஆண்டுகள் அப்படி மாட்டிய தலையில், மயிர் தொடங்கும் இடத்தில், விரல் வைத்தால் விரல் இறங்கும் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. உங்களிடம் சொன்னேன். நீங்கள் அளவு நாடாவைக் கையில் தந்தீர்கள். "போய் அந்தப் பள்ளத்தை அளந்து கொண்டு வாங்கோ. அதுதான் உங்கட முதல் அளவு."

எட்டு மாதம் ஆனது. ஒரே துணி, முதுகில் ஒரு நீண்ட வெட்டு, வெட்டின இரு பக்கங்களும் அரைத் திருப்புத் திரும்பி, தோளுக்கு மேலாக வந்து, மார்பில் குறுக்கிட்டு, இடுப்பில் பட்டியாக முடியும். கூடையை அந்தப் பட்டியில் கொழுவித் தொங்கவிடலாம். தலையில் கயிறு தேவையில்லை. துணி நிலந்தி கொண்டுவந்தது. தொழிற்சாலையில் மிஞ்சிய தடித்த பருத்தி, கடும் பச்சை. "சும்மா தந்தது மிஸ், யாரும் எடுக்கல்ல." நீங்கள் கசக்கிப் பார்த்து, "ஓம், இது பாரம் தாங்கும்" என்றீர்கள்.

அம்மாவிடம் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்தேன். லயத்து வாசலில் நின்று இரு பக்கமும் திரும்பினாள்.

"பொக்கட்டு வைக்கலயாடா?"

"எத்தனைம்மா?"

"வெத்தலைக்கு ஒன்னு. சோத்து டப்பாக்கு ஒன்னு. தைலத்துக்கு ஒன்னு. அட்டை கடிக்காம போடுற சோப்புக்கு ஒன்னு. கங்காணி பாக்காம ஒளிச்சு வைக்க ஒன்னு."

"என்னத்த ஒளிச்சு வைக்கப் போற?"

"அத ஒன்கிட்ட சொன்னா ஒளிச்சதா அது?"

ஐந்து பொக்கட்டுகளோடு ஆறாவதாக ஒன்றைச் சமநிலைக்காக நான் வைத்தேன். அடுத்த ஞாயிறு அதைப் போட்டுக்கொண்டு அம்மா நிமிர்ந்து நின்று ஒரு சலாம் போட்டாள். "என்னடா இது, நான் என்ன ஆமிக்கா போறேன்? துவக்கு எங்க?"

அதை வெள்ளிக்கிழமை வகுப்பில் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள்தான் அதிகம் சிரித்தீர்கள். "அப்ப அம்மாவுக்குச் சம்பளம் கூட்டிக் குடுக்க வேணும்" என்றீர்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண் ஒரு பார்வையில் கண்டதை, இலண்டனில் படித்தவரும் பேராதனையில் படித்தவரும் தொழிற்சாலையில் வெட்டுகிறவளும் காணவில்லை. எங்கள் கண் திருப்பத்தில் இருந்தது. பாரம் எங்கே இறங்குகிறது என்பதில் இருந்தது. பச்சை எங்களுக்கு நிறமாகத் தெரியவில்லை. அந்த ஆண்டில், அந்தப் பாலத்துக்குப் பக்கத்தில், ஒரு தமிழ்ப் பெண்ணின் மேல்மாடியில், மார்பில் குறுக்குப் பட்டிகளும் ஆறு பொக்கட்டுகளும் உள்ள பச்சை மேற்சட்டை ஒன்று பொம்மையில் மாட்டியிருந்தது. இப்படி எழுதினால் ஒரு வரிதான்.

பட்டியலில் உள்ள அந்த வெள்ளிக்கிழமை, நான் சட்டையின் இடப்பக்கம் நின்றேன். நீங்கள் இரண்டாவது குறையை வாசித்துக்கொண்டிருந்தீர்கள். படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. போராளிகளைத் தேடிப் பொலிஸார் தெரு முழுவதும் வீடு வீடாகச் சோதித்துக்கொண்டு வந்தார்கள். எங்கள் முறை வந்தது. இன்ஸ்பெக்டர் ஒருவரும் பின்னால் இருவரும். இன்ஸ்பெக்டர் அறையை ஒருமுறை பார்த்தார். நேரே சட்டையிடம் வந்தார். பொக்கட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். மேசையில் கிடந்த மாதிரித்தாளைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்தார்.

நிலந்திதான் முதலில் பேசினாள். சேர், இது கொழுந்து பறிக்கிற அம்மாவுக்குத் தைத்தது, துணி நான் கொண்டுவந்தது என்று சிங்களத்தில் சொன்னாள். அவர் அவளைத் திரும்பிப் பார்க்காமல் கேட்டார், கொழுந்து பறிக்கிறவளுக்கு எத்தனை பொக்கட் வேண்டும் என்று. பிறகு எங்கள் எல்லோரையும் பார்த்து: "மேக்க காகெத?"

இது யாருடையது.

கீழே கடையில் கம்பி அறுத்துக்கொண்டிருந்தார்கள். அறுக்கும் வாள் மூன்று முறை போய் வந்தது. நான் எண்ணினேன், இன்றும் எண்ணுகிறேன்.

"மகே" என்றீர்கள். என்னுடையது.

அப்போது சட்டையின் பக்கத்தில் நின்றது நீங்கள். நான் இரண்டு அடி தள்ளி, யன்னலோரம் நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை, உங்களைக் கொண்டுபோன பொலிஸ் நிலையத்தின் வாசலுக்கு வந்தேன். வெட்டியது நான் என்று சொல்லத்தான் வந்தேன். என் பெயரைச் சொல்லி, உங்கள் மாணவன், உங்களோடு பேச வேண்டும் என்றேன். உள்ளே போன பொலிஸ்காரர் திரும்பி வந்து, அப்படி யாரையும் தெரியாதாம், போ என்றார். அவர் முகத்தில் எனக்கு உதவி செய்யும் பாவனை இருந்தது. நான் போனேன். தேர்வு எழுதினேன். பட்டம் பெற்றேன். பௌதிகம் படிப்பித்தேன். பத்தொன்பது மாதம் உங்களை வைத்திருந்தார்கள். வழக்கும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. சட்டையை வைத்துக்கொண்டு மாதிரித்தாளைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

இனி அந்தச் சிவப்புப் பென்சிலுக்கு வருகிறேன். "1993 ஐப்பசி" என்று தலையில் திகதியிட்டிருக்கிறீர்கள். கீழே குறைகள்:

1. முதுகு வெட்டு அரை அங்குலம் மேலே நிற்கிறது. இறக்கவும்.
2. திருப்பம் இடப்பக்கம் தளர்வு.
3. ஆறாவது பொக்கட் தேவையில்லை. அம்மா ஐந்துதான் கேட்டவ.
4. துணியின் நிறம். இந்தப் பிழை என்னுடையது.

மறுமொழி வெள்ளிக்கிழமைக்கு முன்.

இவ்வளவுதான். பத்தொன்பது மாதம், மடங்காத பெருவிரல், ஊரைவிட்டுப் போக இருந்த மூன்று வாரங்கள். அதற்குள் உட்கார்ந்து இடக்கையால் என் முதுகு வெட்டைத் திருத்தியிருக்கிறீர்கள். ஒரு சொல் என்னைப் பற்றி இல்லை. மன்னித்தேன் என்றும் இல்லை, மன்னிக்கவில்லை என்றும் இல்லை. திருத்தியதை எனக்கு அனுப்பவும் இல்லை. வாசித்து முடித்ததும் தாளைச் சுருட்டிக் குழாய்க்குள் திரும்பத் திணித்தேன். அது துக்கத்தால் அல்ல என்பதைப் பதிவுசெய்கிறேன். முப்பது ஆண்டுகளாக நான் ஒரு தீர்ப்பை எதிர்பார்த்திருந்தேன். நீங்கள் அரை அங்குலம் என்று எழுதி வைத்திருக்கிறீர்கள்.

நிலந்தியைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். கடுகண்ணாவையில் இரண்டு மெஷின் வைத்துத் தைக்கிறாள், பேரப்பிள்ளை இருக்கிறது. அன்று சப்பாத்துச் சத்தம் கேட்டபோது யார் முதலில் அசைந்தது, நானா மிஸ்ஸா என்று கேட்டேன். அன்று போல இன்றும் நான் அவளுக்கு மல்லி, தம்பி.

"நான் அந்த இன்ஸ்பெக்டர் மாத்தயாவத்தான் பாத்தது மல்லி. உங்க ரெண்டு பேரையும் பாக்கல்ல." பிறகு, "இப்ப அது தெரிஞ்சு என்ன செய்யப் போற?" என்றாள்.

என்ன செய்வது என்று அவளுக்குச் சொல்லவில்லை. மாதிரித்தாளைப் படியெடுத்தேன். முதுகு வெட்டை அரை அங்குலம் இறக்கினேன். இடப்பக்கத் திருப்பத்தை இறுக்கினேன். ஆறாவது பொக்கட்டை நீக்கினேன். துணி மண்ணிறம். எனக்குத் தையல் கை எப்போதும் சரியில்லை. கரை கோணல், அதை நீங்கள் சொல்லத் தேவையில்லை.

அம்மா இன்னும் ஹுன்னஸ்கிரியவில்தான் இருக்கிறாள். எண்பதைத் தாண்டிவிட்டாள், மலைக்குப் போவதை விட்டுப் பல காலம். போன ஞாயிறு சட்டையைப் போட்டுவிட்டேன். பழைய கூடையைத் தேடியெடுத்து, அதற்குள் ஐந்து கிலோ அரிசிப் பையை வைத்து, இடுப்புப் பட்டியில் கொழுவினேன். அவள் வாசலில் நாலடி நடந்தாள். நின்றாள். இரண்டு கைகளையும் தூக்கி, மயிர் தொடங்கும் இடத்தில், அந்தப் பள்ளத்தில் விரலை வைத்துத் தடவினாள்.

"கயிறு எங்கடா?"

"இல்லம்மா. இதுக்குக் கயிறு வேணாம்."

"இல்லயா?" இன்னும் நாலடி நடந்தாள். "இத யாரு வெட்டுனது?"

"நான்தாம்மா."

அந்தச் சொல்லைச் சத்தமாகச் சொல்ல எனக்கு இவ்வளவு காலம் ஆனது. அவளுக்கு அதில் எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. "அப்ப திருத்துனது வேற யாரோ" என்றாள். "நீ தனியா வெட்டுனா இப்படி நிக்காது."

உங்கள் குறைகளுக்கு என் மறுமொழி மேலே உள்ளது: ஒன்று, இரண்டு, மூன்று திருத்தப்பட்டன. நான்காவதை நான் ஏற்கவில்லை. அம்மா ஆமி என்றதற்குச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். அந்தப் பிழையில் என் பங்கை எடுத்துக்கொள்ள உங்களை அனுமதிக்க முடியாது.

இனி என் பட்டியலுக்கு நீங்கள் மறுமொழி தர வேண்டும். ஐந்து குறைகளுக்கும் பதில் வேண்டாம். முதலாவதற்கு மட்டும், அதிலும் இந்த ஒரு கேள்விக்கு மட்டும்: படியில் சத்தம் கேட்டதற்கும் வாள் மூன்றாம் முறை போய் வந்ததற்கும் இடையில், நீங்கள் வந்து என் இடத்தில் நின்றதால் நான் விலகினேனா? அல்லது நான் விலகிய இடம் வெறுமையாக இருந்ததால் நீங்கள் வந்து நின்றீர்களா?

அந்த அறையில் இதைப் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான்.

பொம்மை ஒன்று வாங்கியிருக்கிறேன். சட்டையை மாட்டி, இந்தத் தாளை அதன் தோளில் குத்தியிருக்கிறேன். மறுமொழி எழுத்தில் வேண்டும். இடக்கையால் என்றாலும் சரி. இந்த வெள்ளிக்கிழமை, பின்னேரம் நாலு மணிக்கு முன். அதுவரை நான் சட்டையின் இடப்பக்கத்தில் நிற்பேன்.